கேள்வி பதில்: நெருக்கடி நேரத்தில் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தை எப்படி நடத்துவது?

விபத்து, தரவுக் கசிவு, விற்ற பொருளில் கோளாறு, ஊழியர் ஒருவர் செய்த தவறு... எதுவானாலும் செய்தி இப்போது முதலில் கைப்பேசியில்தான் வருகிறது. அப்போது நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தை எப்படி நடத்துவது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். துறையில் இருப்பவர்களின் பதில்கள் இங்கே.

கேள்வி: விபத்து நடந்த அரை மணி நேரத்தில் எங்களுக்கே முழு விவரம் தெரியாது. அப்போது என்ன எழுதுவது? விசாரித்து முடித்துவிட்டு எழுதினால் ஆகாதா? (தொழிற்சாலை நிர்வாக அலுவலர்)

ஆகாது. நீங்கள் விசாரித்து முடிப்பதற்குள், வாசலில் நின்று படம் பிடித்தவர் போட்டதுதான் ‘செய்தி’ ஆகியிருக்கும். விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் முதல் பதிவு போய்விட வேண்டும். இதில் முழு விவரத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ‘இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஏதோ செய்கிறார்கள்’ என்பது தெரிந்தால் போதும்.

முதல் பதிவில் ஐந்து விஷயங்கள் இருக்கட்டும்: என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு; இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்; மக்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது; யாரை அழைப்பது; அடுத்த தகவல் எப்போது. உதாரணமாக:

‘இன்று காலை 10.20 மணிக்கு எங்கள் இரண்டாம் பிரிவில் தீப்பிடித்தது. கட்டடத்தில் இருந்தவர்களை வெளியேற்றி, வருகைப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வருகிறோம். தீயணைப்புத் துறையினர் பணியில் இருக்கிறார்கள். வடக்கு வாசல் பக்கம் யாரும் வர வேண்டாம். குடும்பத்தினர் அழைக்க வேண்டிய எண் கீழே. அடுத்த தகவல் 11.15 மணிக்கு, இதே பக்கத்தில்.’

‘எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்’ என்று இதில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வருகைப் பதிவைச் சரிபார்க்கும் வரை அப்படி எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. ‘அனைவரும் நலம்’, ‘சிறு விபத்து’, ‘கவலைப்படத் தேவையில்லை’ ஆகிய மூன்றையும் முதல் மணி நேரத்தில் தொடவே தொடாதீர்கள். ஒருவர் காயப்பட்டது பிறகு தெரியவந்தாலும், அந்த வரியின் ஸ்கிரீன்ஷாட்தான் ஊர் சுற்றும். காயம், இறப்பு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியது காவல் துறையோ மருத்துவமனையோதான். அவர்கள் சொன்னதை நீங்கள் எடுத்துப் போட்டால், யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் பெயர் எதுவும் வெளிவரக் கூடாது.

கடைசி வரியைப் பலர் ஒப்புக்கு எழுதுகிறார்கள். எங்கள் கணக்கில் அந்தப் பதிவிலேயே கனமான வரி அதுதான். 11.15 என்று சொன்னால் 11.15-க்குப் பதிவு வர வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லையா? ‘11.15 மணி நிலவரம்: சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை. அடுத்தது 12 மணிக்கு’ என்று எழுதுங்கள். சொன்ன நேரத்தில் வந்துகொண்டே இருந்தால், இடையில் மக்கள் வேறு இடத்தில் விடை தேடுவது குறையும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒரு பதிவு போக ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டும். சட்ட ஆலோசகரோ ‘எதுவும் சொல்லாதீர்கள்’ என்கிறார். பிறகு எப்படி 15 நிமிடம்? (மக்கள் தொடர்பு அலுவலர்)

ஐந்து பேர் ஒப்புதலை வைத்துக்கொண்டு 15 நிமிடத்தில் முடியாது. எனவே ஒப்புதலை அன்றைக்கு வாங்கக் கூடாது. முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் நிறுவனத்துக்கு வரக்கூடிய நெருக்கடிகளை எழுதிப் பாருங்கள். தீ, ஊழியர் மரணம், தரவுக் கசிவு, பொருளைத் திரும்பப் பெறுதல், சேவை முடக்கம், ஊழியர் மீதான புகார் என்று ஏழெட்டுதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், எண் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டு, முதல் பதிவின் வாசகத்தை எழுதுங்கள். சட்ட ஆலோசகருக்கு ஒரு வாரம் கொடுத்து, அவர் வெட்டுவதை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அச்சமெல்லாம் காரணத்தையும் பொறுப்பையும் பற்றியது. ‘என்ன நடந்தது, என்ன செய்கிறோம்’ என்பதில் அவருக்குப் பெரும்பாலும் ஆட்சேபம் இருக்காது. ‘ஏன் நடந்தது, யார் தவறு’ என்பது முதல் பதிவில் எப்படியும் வரப்போவதில்லை. வாசகம் தயாராக இருந்தால், அன்றைக்கு இருவர் போதும்: தகவலை உறுதி செய்பவர் ஒருவர், பதிவிடுபவர் ஒருவர். இரவு இரண்டு மணிக்கு அந்த இருவரும் கிடைக்காவிட்டால் அடுத்த இருவர் யார் என்பதும் தாளில் இருக்கட்டும்.

பட்டியலில் எல்லோரும் மறக்கும் ஒன்று, நாமே தவறான தகவலைச் சொல்லிவிட்டால் அதைத் திருத்தும் பதிவு. 2018 ஜனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு ஹவாய் மக்களின் கைப்பேசிகளுக்கு ஏவுகணைத் தாக்குதல் எச்சரிக்கை தவறுதலாகப் போனது. அது பொய் எச்சரிக்கை என்பது இரண்டு நிமிடத்தில் ஆளுநருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ட்விட்டரில் மறுத்தது 8.24-க்கு, தன் ட்விட்டர் கணக்கின் உள்நுழைவு விவரம் தனக்குத் தெரியவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை போன அதே வழியில், அதாவது கைப்பேசிகளுக்கு, மறுப்பு வந்து சேர 38 நிமிடம் ஆனது. எச்சரிக்கைக்கு வாசகம் தயாராக இருந்தது. ‘அது தவறு’ என்று சொல்ல வாசகம் தயாராக இல்லை.

கேள்வி: பாஸ்வேர்டை எத்தனை பேரிடம் கொடுக்கலாம்?

யாரிடமும் பாஸ்வேர்டாகக் கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக் பக்கம் போன்றவற்றில் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கின் வழியாகவே சேர்த்து, பொறுப்புக்கு ஏற்ற அனுமதி கொடுக்க முடியும். முழு அதிகாரம் உள்ளவர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். மூவர் இருந்தால் நல்லது. கடவுச்சொல்லோடு கேட்கப்படும் இரண்டாம் குறியீடு ஒரே ஒருவருடைய சிம் கார்டுக்கு வருமாறு வைத்திருப்பது பரவலான தவறு. அவர் விமானத்தில் இருந்தால் பக்கம் பூட்டிய வீடுதான். குறியீடு தரும் செயலியை இரண்டு கருவிகளில் நிறுவி, அவசரக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் போட்டு அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றைக்கே நீக்குங்கள். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி இசைக் கடை நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது, அந்தக் கூட்டத்தில் நடப்பதை நிறுவனத்தின் ட்விட்டர் பக்கத்திலேயே ஊழியர் ஒருவர் நேரலைபோல எழுதினார். ‘ட்விட்டரை எப்படி மூடுவது?’ என்று சந்தைப்படுத்தல் இயக்குநர் கேட்கிறார் என்பதுகூடப் பதிவாக வந்தது.

சொந்தக் கணக்கையும் நிறுவனக் கணக்கையும் ஒரே செயலியில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. 2011-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பக்கத்தில் ஊழியர் ஒருவரின் பீர் பற்றிய பதிவு தவறிப் போய் விழுந்தது. சங்கம் அதை நீக்கியது. நீக்கியதை மறைக்காமல், ‘நாங்கள் போதையில் இல்லை, சாவியைப் பறிமுதல் செய்துவிட்டோம்’ என்ற தொனியில் சிரித்தபடி சொன்னது. விஷயம் அதோடு முடிந்தது. இருந்தாலும் நிறுவனக் கணக்குக்குத் தனிக் கைப்பேசி வைத்துக்கொள்வதே எளிய வழி.

கேள்வி: எந்தத் தளத்தில் போடுவது? எல்லாவற்றிலும் ஒரே பதிவா?

மூல அறிக்கை உங்கள் சொந்த இணையதளத்தில், மாறாத ஒரே முகவரியில் இருக்கட்டும். சமூக ஊடகப் பதிவுகள் எல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகாட்டிப் பலகைகள். விவரம் மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

நெருக்கடிக்கென்று புதிய இணைய முகவரி வாங்க வேண்டாம். அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் 2017 செப்டம்பரில் தன் தரவுக் கசிவை அறிவித்தபோது, அதற்காகத் தனியொரு தளம் தொடங்கியது. ‘ஈக்விஃபேக்ஸ் செக்யூரிட்டி 2017’ என்ற பெயரிலிருந்த அதைப் போலவே, சொற்களை மட்டும் இடம் மாற்றி ஒருவர் போலித் தளம் உருவாக்கிக் காட்டினார். எவ்வளவு எளிதாக ஏமாறலாம் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஏமாந்தவர்களில் அந்த நிறுவனமும் உண்டு: அதன் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களைப் பல முறை அந்தப் போலித் தளத்துக்கு அனுப்பியது. முதன்மை முகவரிக்குள்ளேயே ஒரு பக்கம் திறந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

பிறகு, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குணம் உண்டு. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் கட்டணமில்லாக் கணக்குக்கு 280 எழுத்துதான். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஏறக்குறைய 30 சொல்லுக்குள் முடித்தாக வேண்டும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. காலையில் போட்ட ‘வெளியே வராதீர்கள்’ மறுநாள் ஒருவர் கண்ணில் படும். ஆகவே பதிவுக்குள்ளேயே முதல் வரியில் தேதியும் மணியும் எழுதுங்கள். தகவலைப் படமாகப் போட்டால் படத்தின் மேலேயும் எழுதுங்கள், ஏனென்றால் படம் உங்கள் பக்கத்திலிருந்து கழன்று தனியாகப் பயணப்படும். படத்தில் உள்ள வாசகத்தை எழுத்தாகவும் கீழே கொடுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பானால் படத்தில் உள்ளதை நம்பகமாகப் படிக்க முடியாது. புதிய பதிவு வந்ததும் அதைப் பக்கத்தின் உச்சியிலேயே நிற்குமாறு ‘பின்’ செய்து, பழையதை உச்சியிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. உடைந்த பொருளையே ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனமே ட்விட்டருக்குப் போய்த்தான் வருத்தம் தெரிவித்தது. உங்கள் நெருக்கடிக் குழு பேசிக்கொள்வது வாட்ஸ்அப் குழுவில் மட்டும் என்றால், எல்லோருடைய தொலைபேசி எண்ணும் தாளில் இருக்கட்டும்.

கேள்வி: பின்னூட்டத்தில் திட்டித் தீர்க்கிறார்கள். கமென்ட் பகுதியை மூடிவிடலாமா?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இங்கே மூடினால், உங்களால் பதில் சொல்ல முடியாத வேறிடத்தில் பேசுவார்கள். தவிர, ‘என் தம்பி உள்ளே வேலை செய்கிறான், போன் எடுக்கவில்லை’ என்ற வரியும் அதே பின்னூட்டங்களுக்கு நடுவில்தான் கிடக்கும். அதை யார் கவனிப்பது?

எதை நீக்குவோம் என்பதைப் பொதுவில் எழுதி வையுங்கள். பிறர் தொலைபேசி எண், காயப்பட்டவர்களின் படம், மிரட்டல், சாதி மத வசை, மோசடி இணைப்பு – இவை போகலாம். கோபமும் குற்றச்சாட்டும் கிண்டலும் இருக்கட்டும். நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யார் எத்தனை மணிக்கு நீக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் விசாரணை வந்தால் தேவைப்படும். ஃபேஸ்புக்கில் ‘மறை’ என்ற வசதி உண்டு. மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். சத்தமில்லாத வழி என்று பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் விமர்சனத்தை இப்படி மறைத்தது வெளியே தெரிந்தால், நீக்கியதைவிட மோசமாகத் தோன்றும்.

பதில் சொல்வதில் வரிசை உண்டு. உயிர், பாதுகாப்பு பற்றிய கேள்விகள் முதலில், 10 நிமிடத்துக்குள். அடுத்து, பலர் கேட்கும் ஒரே கேள்வி. அதற்குத் தனித்தனியே பதில் எழுதாமல் மூலப் பதிவிலேயே விடையைச் சேருங்கள். பிறகு தவறான தகவல்கள். தனிப்பட்ட குறைகளை உள்பெட்டிக்கு அழைக்கலாம்; ஆனால் அழைத்துவிட்டு அங்கே பதில் சொல்லாமல் விட்டால், ‘உள்ளே வா என்று சொல்லி ஏமாற்றினார்கள்’ என்று மறுபடியும் வெளியே எழுதுவார்கள். வசைக்குப் பதில் தேவையில்லை. ஒருவரோடு இரண்டு முறைக்கு மேல் வாதம் வேண்டாம். ஒரே பதிலை ஐம்பது பேருக்கு வெட்டி ஒட்டுவதும் வேண்டாம். இயந்திரம் பேசுகிறது என்று அதையே படம் எடுத்துப் போடுவார்கள்.

கேள்வி: எங்களைப் பற்றிய வதந்தி ஒன்று பரவுகிறது. மறுத்தால் இன்னும் பரவுமோ என்று அஞ்சுகிறோம்.

அஞ்ச வேண்டிய நேரமும் உண்டு, அஞ்சக் கூடாத நேரமும் உண்டு. பத்துப் பேர் பேசும் வதந்திக்குப் பத்தாயிரம் பேர் தொடரும் பக்கத்தில் மறுப்புப் போட்டால், நீங்களே அதற்கு விளம்பரம் செய்கிறீர்கள். அந்தப் பத்துப் பேருக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள். ஆனால் வேறு தளங்களுக்குத் தாவியிருந்தால், செய்தியாளர் யாராவது அழைத்துக் கேட்டிருந்தால், அல்லது அதை நம்பி ஒருவர் தனக்குக் கெடுதல் செய்துகொள்ளக்கூடும் என்றால், உடனே மறுக்க வேண்டும்.

2009 ஏப்ரலில் டாமினோஸ் கிளை ஒன்றின் ஊழியர்கள் இருவர், உணவை அசிங்கப்படுத்துவதைப் படமெடுத்து யூடியூபில் போட்டார்கள். பெரிதாக்க வேண்டாம் என்று நிறுவனம் முதலில் அடக்கி வாசித்தது. அதற்குள் காணொளியைப் பத்து லட்சத்துக்கும் மேல் பார்த்துவிட்டார்கள். சுமார் இரண்டு நாள் கழித்து அமெரிக்கப் பிரிவின் தலைவர் பேட்ரிக் டாய்ல் யூடியூபிலேயே தோன்றி மன்னிப்புக் கேட்டார். தீ எரிந்த தளத்திலேயே பதில் சொன்னது சரி. தாமதம்தான் விலை உயர்ந்ததாகிவிட்டது.

மறுப்பை எழுதும் முறை: முதலில் உண்மை, நடுவில் வதந்தியை ஒரே தடவை சுருக்கமாக, பிறகு ஆதாரத்தோடு மறுபடி உண்மை. வதந்தியைத் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டு மேலே ‘பொய்’ என்று முத்திரை குத்தும் பழக்கத்தை விடுங்கள். வேகமாக விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் மனதில் தலைப்புத்தான் நிற்கும்.

போலிக் கணக்குகளையும் எதிர்பாருங்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 2022 நவம்பரில், கணக்கு உண்மையானது என்று அதுவரை காட்டிவந்த ட்விட்டரின் நீலக் குறி 8 டாலர் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கத் தொடங்கியதும், மருந்து நிறுவனமான எலை லில்லியின் பெயரில் நீலக் குறியோடு ஒரு போலிக் கணக்கு, ‘இனி இன்சுலின் இலவசம்’ என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் தன் பக்கத்தில் மறுத்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. உங்கள் உண்மையான கணக்குகளின் பட்டியலை இணையதளத்தில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தைச் சுட்டினால் போதும்.

கேள்வி: தலைவர் காணொளியில் பேசி மன்னிப்புக் கேட்கலாமா? எப்படி?

ஆள் காயப்பட்டிருந்தால், தவறு உங்களுடையது என்று தெரிந்திருந்தால், கேட்க வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள், அலங்காரப் பின்னணியோ இசையோ இல்லாமல், நின்றபடியோ உட்கார்ந்தபடியோ நேராக லென்ஸைப் பார்த்து. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம், எனவே கீழே எழுத்து ஓட வேண்டும். லைவ் வேண்டாம், கேள்விகள் தாறுமாறாகப் பாய்ந்தால் தடுமாறும் அந்தப் பத்து விநாடிதான் மிஞ்சும்.

சொற்கள்தான் கவிழ்க்கும். 2017 ஏப்ரல் 9 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து பயணி ஒருவர் இழுத்து வெளியேற்றப்பட்டார். ரத்தம் வழிந்த அவர் முகத்தைக் கைப்பேசிகள் வழியாக உலகமே பார்த்தது. மறுநாள் தலைமை அதிகாரியின் அறிக்கை, பயணிகளை ‘வேறு ஏற்பாட்டுக்கு மாற்ற’ நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டது. அதே நாளில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம் பயணி மீதே பழி சொன்னது. அதுவும் வெளியே கசிந்தது. முழு மன்னிப்பு அதற்கும் அடுத்த நாள் வந்தது. ஊழியர்களுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று எழுதினால் இரண்டும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

‘யாராவது புண்பட்டிருந்தால்’, ‘துரதிர்ஷ்டவசமாக நேர்ந்துவிட்டது’ என்பவை மன்னிப்பு ஆகாது. என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம், இழப்பை எப்படி ஈடு செய்கிறோம், மறுபடி நடக்காதிருக்க எந்தத் தேதிக்குள் எதை மாற்றுகிறோம் – இவை இருக்கட்டும்.

நகைச்சுவை? 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி கடைகளுக்குக் கோழி வந்து சேராமல் நூற்றுக்கணக்கான கடைகள் மூடிக் கிடந்தன. தன் பெயரின் மூன்று எழுத்துகளையும் இடம் மாற்றி, தன்னையே திட்டிக்கொள்வது போன்ற முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் தந்தது. அது எடுபட்டது, ஏனென்றால் யாருக்கும் அடிபடவில்லை. நகைச்சுவையின் அடியும் நிறுவனத்தின் மேலேயே விழுந்தது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் முயற்சி செய்யாதீர்கள்.

கேள்வி: நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகளை என்ன செய்வது?

முதல் ஐந்து நிமிடத்திலேயே நிறுத்துங்கள். முதல் பதிவை எழுதும் முன்பே. கட்டண விளம்பரங்கள் வேறு திரையில் இருக்கும், அவற்றையும். விளம்பரங்களை வெளி ஏஜென்சி ஒன்று நடத்தினால் அவர்களின் இரவு எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அமைப்பில் இந்த வேலைக்கு இரண்டே பேர். எப்படிச் சமாளிப்பது? (தொண்டு நிறுவனச் செயலாளர்)

ஒருவர் எழுதட்டும், மற்றவர் படிக்கட்டும். படிப்பவர் வேலை: பின்னூட்டம், உள்பெட்டி, நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பது, பரவும் கேள்விகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுபவரிடம் சொல்வது. பெயரைத் தேடும்போது மக்கள் வழக்கமாகச் செய்யும் எழுத்துப் பிழைகளோடும் தேடுங்கள். இருவரும் சேர்ந்து எழுத உட்கார்ந்தால் ஊர் என்ன கேட்கிறது என்பதே தெரியாமல் போகும். ஒரு குறிப்பேடு வையுங்கள்: மணி, தகவல், யார் சொன்னது, பதிவிட்டோமா. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே உட்கார்ந்தால் தட்டச்சுப் பிழை வரும், பின்னூட்டத்தில் எரிச்சல் தெரியும். எனவே கணக்குப் பிரிவிலிருந்தோ வேறெங்கிருந்தோ மூன்றாமவர் ஒருவரைப் பழக்கி வையுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை போதும். முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு விடுமுறை நாள் மாலையில் ‘தீ’ என்று குறுஞ்செய்தி அனுப்பி, வெளியே தெரியாத சோதனைப் பக்கத்தில் முதல் பதிவு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதல் முறை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வியப்பில்லை. பெரும்பாலும் பாஸ்வேர்டில்தான் நிற்கும்.

கேள்வி: எப்போது வழக்கமான பதிவுகளுக்குத் திரும்பலாம்?

புதிய கேள்வி வருவது நின்று, பழைய கேள்விகளுக்கெல்லாம் விடை பக்கத்தில் இருக்கும்போது. இறப்பு நேர்ந்திருந்தால் இறுதிச் சடங்குக்கு முன் திரும்பாதீர்கள். முதலில் சேவை தொடர்பான சாதாரண அறிவிப்பு ஒன்றைப் போட்டு, கீழே என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கோபம் அடங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நெருக்கடிப் பதிவுகளை நீக்க வேண்டாம். தவறாகப் போனவற்றின் கீழே திருத்தத்தையும் திருத்திய நேரத்தையும் எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். விசாரணை அறிக்கை எப்போது வரும் என்று முன்பு ஒரு தேதி சொல்லியிருந்தால், அதை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் யாராவது வந்து கேட்பார்கள்.